போஸ்டர் ஒட்டினால் சமூக சேவகரா? அதற்கும் இருக்கிறது 2 வருட படிப்பு!

சுவரில் கும்பிடு போட்டு சிரிப்பவர் எல்லாம் நம்ம ஊரில் "சமூக சேவகர்"தான்! ஆனால் இதற்கென்றே எம்.எஸ்.டபிள்யூ. என்று ஒரு பட்டம் இருக்கிறது. சென்னையில் 1952-லேயே மேரி கிளப்வாலா ஜாதவ் இதற்கு கல்லூரி ஆரம்பித்து விட்டார். எழும்பூரில் இருக்கிறது.

டிகிரி முடித்தவர்கள் சேரலாம். 2 வருடம். வகுப்பில் உட்கார்ந்து எழுதினால் மட்டும் பாஸ் போட மாட்டார்கள். ஆஸ்பத்திரி, குடிசைப் பகுதி, சிறுவர் இல்லம் என்று போய் வேலை பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். புருஷனிடம் அடி வாங்கிய பெண் வந்து நின்றால் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது? கஷ்டமான பாடமே அதுதான்.

வக்கீலுக்கு பார் கவுன்சில் உண்டு. நர்சுக்கும் கவுன்சில் உண்டு. ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர்களை மத்திய அரசு சட்டப் பட்டியலில் சேர்த்ததே 2021-ல்தான். இங்கிலாந்திலோ, பதிவு செய்யாமல் "சோஷியல் ஒர்க்கர்" என்று சொல்லி ஏமாற்றினால் 2005 முதல் குற்றம்!