மூடுபனியும் முகமும்: மலையகப் பதிவில் சிறு வீடியோக் கமராவின் ஒளியளவு

மலையகத்தின் கூத்துகளையும் சடங்குகளையும் தொழிலாளர் வாழ்வையும் ஆராய முற்படுவோர் இன்று குறிப்பேட்டுடன் வீடியோக் கமராவையும் எடுத்துச் செல்கின்றனர். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் தோட்டப் பாடல்களைக் கேட்டு எழுதித் தொகுத்த காலத்தில், பாடியவரின் முகம் ஏட்டில் இடம்பெற வழியிருக்கவில்லை. இன்று அம்முகத்தையும் பேணும் வாய்ப்பு நமக்குண்டு. ஆயினும் கமரா அதனைத் தானாகவே காத்துத் தந்துவிடுவதில்லை. மலைநாட்டுப் பதிவுகளில் மூடுபனி சாம்பல் நிறமாகவும் மனிதர் கரிய நிழலாகவும் விழுவதன் காரணம் யாது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பட்டிப்பொலவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1890 மீற்றர் உயரத்தில் அமைந்த அதன் புகையிரத நிலையம் இலங்கையிலேயே மிக உயரமானது. ஒரே காலைப்பொழுதில் அடர்ந்த மூடுபனியும் கண்ணைக் கூசவைக்கும் வெயிலும் அங்கு மாறிமாறி வரும். மனிதக் கண் இம்மாற்றத்திற்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. கமராவின் ஒளியுணரியோ அத்துணை வல்லமை உடையதன்று. 'கால் அங்குலம்' எனப்படும் ஒளியுணரியின் பரப்பு ஏறத்தாழ 3.6 × 2.7 மில்லிமீற்றர்; 35 மில்லிமீற்றர் புகைப்படச் சுருளின் ஒரு சட்டகத்தில் இது தொண்ணூறில் ஒரு பங்கு எனலாம். பரப்புச் சுருங்கவே அதில் விழும் ஒளியும் குறைகிறது. மிக வெளிச்சமானதையும் மிக இருளானதையும் ஒருசேரப் பதியும் ஆற்றலும் குன்றுகிறது. செல்பேசிகள் பெருகிவிட்ட இந்நாளிலும் இவ்விதி மாறவில்லை. அவற்றுள் இருப்பதும் சிறு ஒளியுணரியே.

ஒளியளவு மூன்று வழிகளால் கட்டுப்படுகிறது: வில்லைத் துவாரம், ஷட்டர் நேரம், கெயின் எனப்படும் மின்பெருக்கம். துவாரத்தை எஃப் 4 இலிருந்து எஃப் 5.6 இற்குச் சுருக்கினால் ஒளி பாதியாகும். ஷட்டர் நேரத்தை 1/50 செக்கனிலிருந்து 1/100 ஆக்கினாலும் பாதியாகும். கெயினை 6 டெசிபெல் கூட்டினால் படத்தின் பிரகாசம் ஒரு படி உயரும். ஆயின் புள்ளி இரைச்சலும் உடன் உயரும்.

தானியங்கி முறையில் கமரா இம்மூன்றையும் தானே தீர்மானிக்கிறது. அதற்கு மூடுபனி எது, மனிதர் எவர் என்பது தெரியாது. முழுக் காட்சியின் சராசரியும் நடுத்தரச் சாம்பல் ஆதல் வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. எனவே சட்டகத்தின் முக்காற் பங்கை வெண்பனி நிறைக்கும்போது, அப்பனியைச் சாம்பலாக்க முயன்று, முன்னிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகத்தை இருளில் தள்ளிவிடுகிறது. இதற்கு மாற்று எளிது. முதலில் முகம் சட்டகத்தை நிறைக்குமாறு அருகே சென்றோ 'சூம்' செய்தோ ஒளியளவைக் கணித்து, அதனை நிலைநிறுத்திப் பூட்டுதல் வேண்டும். பின்னரே காட்சியை விரித்தல் வேண்டும். கைமுறை வசதியற்ற கமராக்களில் 'பேக்லைட்' விசை ஓரளவு உதவும்.

இங்கு மற்றொன்றும் மனங்கொள்ளத்தக்கது. மிகைவெளிச்சத்தைக் கோடுகளாற் காட்டும் 'சீப்ரா' குறியை முகத்திற்கு 70 விழுக்காட்டில் வைக்குமாறு கூறும் மரபு வெண்ணிறத் தோலை அளவாகக் கொண்டது. கொடக் நிறுவனத்தின் 'ஷெர்லி' அட்டைகளும் வெள்ளைப் பெண்ணின் படத்தையே நிறச் சீர்மைக்கு அளவுகோலாகக் கொண்டிருந்தன. தொழில்நுட்பத்தின் நடுநிலை என நாம் கருதுவதனுள்ளும் இவ்வாறு ஒரு சமூகச் சார்பு உறைந்துள்ளது. கரிய முகத்தை 70 இற்கு உயர்த்தினால் அது வெளிறிப்போகும். 50 முதல் 60 வரையில் அமைப்பதே பெரிதும் பொருந்தும். முகத்தை இருட்டாக்குவது போன்றே வெளுப்பாக்குவதும் ஒரு திரிபே.

இச்சிக்கல் புதியதன்று. 1875 இல் இலங்கைக்கு வந்த ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் இந்நாட்டு உழைக்கும் மக்களையும் படம்பிடித்தார். 1879 இல் மறைந்து பொகவந்தலாவையில் அடக்கஞ்செய்யப்பட்டார். அவர் கையாண்ட ஈரக் கொலோடியன் தகடு நீல ஒளியையே பெரிதும் உணர்வது. அதனால் வானம் வெளுக்கும். பழுப்புத் தோல் உள்ளதிலும் கருமையாய்த் தோன்றும். இன்று தகடு மாறிவிட்டது. வானத்திற்கும் முகத்திற்கும் இடையிலான போட்டி மாறவில்லை.

பனி விலகி வெயில் அடிக்கும்போது எதிர்மாறான இடர் எழுகிறது. கமரா துவாரத்தை எஃப் 11 அளவிற்குச் சுருக்கும். மிகச் சிறிய துவாரத்தின் விளிம்பில் ஒளி விலகிப் பரவும் இயல்பினால் படம் மங்கும். கால் அங்குல ஒளியுணரியில் எஃப் 5.6 இற்கு மேலேயே இம்மங்கல் தோன்றலாம். ஷட்டரை மிக விரைவாக்கினால், கொழுந்து கிள்ளும் விரல்களின் ஓட்டம் வெட்டிவெட்டித் தெரியும். ஆகவே சாம்பல் நிற என்.டி. வடிகட்டியை இடுவதே முறை. 0.6 எண்ணுடையது ஒளியை நாலில் ஒன்றாகவும், 0.9 எண்ணுடையது எட்டில் ஒன்றாகவும் குறைக்கும்.

இரவில் நிலைமை வேறு. மாசி மாதத்தில் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தில், மன்மதன் எரியும் கட்டம் உச்சமானது. தீ எழுந்தவுடன் தானியங்கி துவாரத்தைச் சுருக்க, ரதியின் முகம் மறைகிறது. தீ தணிந்ததும் கெயின் உயர்ந்து, புலம்பல் முழுவதும் புள்ளி இரைச்சலில் மூழ்குகிறது. இதற்கு முன்கூட்டியே ரதியின் முகத்திற்கு ஒளியளவைப் பூட்டி, கெயினை 12 டெசிபெல்லுக்கு மேற்செல்லாது தடுத்து, சுடர் வெளுப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இலங்கை மின்சாரத்தின் அலைவெண் 50 ஆதலின், குழல் விளக்குகள் செக்கனுக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 ஆயின் அம்மினுக்கம் பதிவில் தோன்றாது.

தொகுத்து நோக்கின், சிறு ஒளியுணரியால் யாவற்றையும் காக்க இயலாது; எதையேனும் இழந்தே ஆகவேண்டும். வெளுத்துப்போன வானத்தினால் ஆய்வுக்கு நேரும் இழப்புச் சிறிது. இருண்டுபோன முகத்தைப் பின்னர் மீட்பது அரிது. மலையக மக்கள் நெடுங்காலம் பச்சை மலைக்காட்சியின் ஓர் உறுப்பாகவே படங்களிற் காட்டப்பட்டு வந்துள்ளனர். அவர்களை மலைக்காட்சியினின்று பிரித்து மனிதராகக் காண விரும்பும் ஆய்வாளர், தானியங்கி விசையை நிறுத்துவதிலிருந்து தம் பணியைத் தொடங்குதல் தகும்.