ஆற்றுக்கு ஓர் இடம், பேருந்துக்கு ஓர் இடம்

பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம் ஒன்றுமே வராது. பிறகு ஒரே தடத்தின் மூன்று வண்டிகள் ஒட்டிக்கொண்டு வரும். முதல் வண்டியில் படிக்கட்டு வரை கூட்டம், மூன்றாவதில் சன்னலோர இருக்கைகூடக் காலி. ஓட்டுநரைத் திட்டுகிறோம், டிப்போக்காரர்களைத் திட்டுகிறோம். உண்மையில் ஒருவர்கூடத் தவறு செய்யாமலே இது நடக்கும். நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இலேயே இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

நிமிடத்துக்குப் பத்துப் பேர் வந்து சேரும் நிறுத்தங்கள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் படியேறி, சில்லறை கொடுத்து, டிக்கெட் வாங்க மூன்று விநாடி ஆகிறது. ஏதோ ஒரு சிக்னலில் வண்டி ஒரு நிமிடம் தாமதப்படுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாகப் பத்துப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏற அரை நிமிடம் போகிறது. தாமதம் இப்போது ஒன்றரை நிமிடம். அதற்கடுத்த நிறுத்தத்தில் பதினைந்து பேர் கூடுதல். இப்படியே போனால் ஐந்தாவது நிறுத்தத்தைத் தாண்டும்போது தாமதம் ஏழரை நிமிடத்தைத் தொட்டுவிடும். பின்னால் வரும் வண்டிக்கோ ஏற்ற ஆளில்லை. அது விரைந்து வந்து முன்னதன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது.

இதே கணக்கில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஒருவர் ஏற மூன்று விநாடிக்குப் பதில் அரை விநாடி. ஐந்து நிறுத்தங்களுக்குப் பிறகும் தாமதம் ஒன்றரை நிமிடம்தான். வண்டி அதேதான், சாலை அதேதான், கூட்டமும் அதேதான். ஏறுவதற்கு ஆகும் அந்த இரண்டரை விநாடிக்குள் ஒரு நகரத்தின் போக்குவரத்தே ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு தீராத விஷயம்.

அந்த இரண்டரை விநாடியைத் தேடிப் பிடித்த ஊர் குரிடிபா. பிரேசிலின் தெற்கே, பரானா மாநிலத்தின் தலைநகரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், குளிரும் மூடுபனியும் கொண்ட மேட்டுநிலத்தில் இருக்கிறது. 1991-இல் அந்நகராட்சி சாலையோரங்களில் கண்ணாடியாலும் எஃகாலும் ஆன உருளை வடிவ நிறுத்தங்களை நிறுவியது. படுக்கவைத்த பெரிய குழாய் போல இருக்கும் ஒவ்வொன்றின் தரையும் சாலையிலிருந்து பேருந்துத் தளத்தின் உயரத்துக்கு உயர்த்தப்பட்டிருக்கும். ஒரு முனையில் படிகளும் சுழல்கதவும் உண்டு. நடத்துநர் வண்டியில் இல்லை, அந்தச் சுழல்கதவருகே உட்கார்ந்திருக்கிறார். கட்டணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் மழைக்கும் குளிருக்கும் மறைவாக நிற்கலாம். சக்கர நாற்காலியில் வருபவர்களைத் தரைமட்டத்திலிருந்து தூக்கிவிடச் சிறு மின்தூக்கியும் உண்டு. பேருந்து வந்து குழாயின் கதவுகளுக்கு நேராக நிற்கிறது. கதவு திறக்கும்போதே அதனடியிலிருந்து ஓர் இரும்புப் பலகை மடிந்து இறங்கி, வண்டிக்கும் மேடைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூடிவிடுகிறது. அதன்மேல் நடந்து போகிறார்கள். ஏறுவது என்ற செயலே அங்கே இல்லை. மறு ஆண்டு வந்த இரட்டை இணைப்புப் பேருந்து 25 மீட்டர் நீளம், 270 பேர் கொள்ளளவு, ஐந்து கதவுகள். பாட்டியும் பள்ளிப் பிள்ளையும் தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாயும் ஒரே வேகத்தில் உள்ளே போய்விட முடிகிறது. நிறுத்தத்தில் நிற்கும் நேரம் விநாடிகளில் அடங்கிவிடுகிறது.

சுரங்க ரயிலில் இருக்கும் எல்லா வசதியையும் சாலையிலேயே கொண்டுவந்துவிட்டார்கள், சுரங்கத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். செலவில் பெரும்பங்கு சுரங்கத்துக்குத்தான் என்பதால் ஏழை நகரங்களுக்கு இது பெரிய செய்தியாகப் போய்ச் சேர்ந்தது. கொலம்பியாவின் பொகோட்டா 2000-இல் தன் டிரான்ஸ்மிலேனியோவைத் தொடங்கியதும், இந்தோனேசியாவின் ஜகார்த்தா 2004-இலும் நம் நாட்டின் அகமதாபாத் 2009-இலும் தனித்தடப் பேருந்துகளை ஓடவிட்டதும் இந்த வழியில்தான்.

ஆனால் கண்ணாடிக் குழாயை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். 270 பேர் கொள்ளும் வண்டியை ஓரிரு நிமிடத்துக்கு ஒன்றாக ஓட்டினால், அதை நிரப்ப ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? ஊர் நாலாபுறமும் தன் போக்கில் பரந்து கிடந்தால், எந்தத் தடத்தில் விட்டாலும் வண்டி பாதி காலியாகத்தான் ஓடும். குரிடிபாவின் உண்மையான புத்திசாலித்தனம் பேருந்தில் இல்லை, மனைச் சட்டத்தில் இருக்கிறது. குழாய் நிறுத்தத்துக்குக் கால் நூற்றாண்டு முன்பே அது தொடங்கிவிட்டது.

1960-இல் அங்கே சுமார் மூன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். 1980-இல் பத்து லட்சம். பரானாவின் காப்பித் தோட்டங்களில் எந்திரம் நுழைந்ததும், 1975 ஜூலையில் ஒரே உறைபனி காப்பிச் செடிகளைக் கூண்டோடு கருக்கியதும் கிராமங்களைக் காலிசெய்து மக்களை நகருக்குத் தள்ளின. மக்கள் வெள்ளம் பெருகும் என்பது முன்பே தெரிந்திருந்தது. அதனால் 1964-இல் புதிய நகரத் திட்டத்துக்கு ஒரு போட்டி நடத்தினார்கள், 1965-இல் நகரத் திட்ட ஆய்வுக்கென்றே தனி நிறுவனம் அமைத்தார்கள், 1966-இல் திட்டம் சட்டமாயிற்று.

அதுவரை நகரம் மையத்தைச் சுற்றி வளையம் வளையமாக வளர்வதாக இருந்தது. வளையம் பெருக்கப் பெருக்க எல்லோருக்கும் மையம்தான் குறி. மையம் திணறும், சாலையை அகலப்படுத்தப் பழைய கட்டடங்களை இடிப்பார்கள், மறுபடி திணறும். புதிய திட்டம் நகரை வளையமாக அல்லாமல் கோடுகளாக வளரச் சொன்னது. மையத்திலிருந்து வெளியே நீளும் அச்சுகள், பின்னாளில் மொத்தம் ஐந்து. ஒவ்வோர் அச்சும் மூன்று இணைச் சாலைகளின் கட்டு. நடுச்சாலையின் நட்டநடுவில் பேருந்துக்கு மட்டுமான இரண்டு தடங்கள், அவற்றின் இருபுறமும் கடைகளுக்குப் போய்வர மெதுவான சாலை. ஒரு தெரு தள்ளி இந்தப் பக்கம் நகருக்குள் வரும் ஒருவழி விரைவுச் சாலை, அந்தப் பக்கம் வெளியேறும் ஒருவழி விரைவுச் சாலை. இருக்கும் தெருக்களையே பெரும்பாலும் பயன்படுத்திக்கொண்டதால் இடிக்க வேண்டியது குறைந்தது.

பிறகு மனை விதி. அச்சை ஒட்டிய மனைகளில் மட்டும் மிக உயரமாகக் கட்டலாம். கீழ்த்தளங்களில் கடை, அலுவலகம், மேலே வீடுகள். ஒரு தெரு தள்ளிப் போனால் அனுமதிக்கும் தளப்பரப்பு குறையும், இன்னும் தள்ளிப் போனால் இரண்டு மாடி வீடுகள்தான். நகரின் நூறு மீட்டருக்கு மேல் உயரமான தொலைத்தொடர்புக் கோபுரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது. தாழ்ந்த ஓட்டு வீடுகளுக்கும் மரங்களுக்கும் நடுவே அடுக்குமாடிகள் மதில்போல வரிசைகட்டி மைல் கணக்கில் ஓடும். பேருந்துத் தடம் எங்கே என்று வானத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

வீடும் வேலையும் கடையும் ஒரே கோட்டில் கலந்திருப்பதால், காலையில் ஒருபுறம் நிரம்பி மறுபுறம் வெறுமனே திரும்பும் வண்டியின் சாபம் குறைகிறது. 1974-இல் முதல் விரைவுப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது, அவற்றுக்கான பயணிகளைச் சட்டம் ஏற்கெனவே அந்தச் சாலையோரத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தது. 1980 வாக்கில் ஒரே கட்டணம் வந்தது. எவ்வளவு தூரம் போனாலும், முனையத்தில் எத்தனை வண்டி மாறினாலும் ஒரே டிக்கெட். விளிம்பில் இருக்கும் ஏழை தொலைவிலிருந்து வருகிறார், மையத்தில் இருக்கும் வசதிக்காரர் சிறு தூரம் போகிறார். இருவரும் ஒரே தொகை கொடுக்கும்போது பின்னவர் முன்னவரின் பயணத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறார். தொண்ணூறுகளில் முனையங்களை ஒட்டியே நகராட்சிச் சேவை மையங்களைக் கட்டினார்கள். ஒரு சான்றிதழுக்காக மையத்துக்கு ஓடும் பயணமே தேவையில்லாமல் போயிற்று. எந்தப் பேருந்தையும்விட வேகமான போக்குவரத்து அதுதான்.

இனி ஆற்றுக்கு வருவோம். குரிடிபாவை ஊடறுத்துப் பல சிற்றாறுகள் ஓடி இகுவாசு ஆற்றில் கலக்கின்றன. மழைக்காலத்தில் அவை கரை மீறும். இதற்கு உலகெங்கும் உள்ள பொறியாளர்களின் வழக்கமான மருந்து, ஆற்றை நேராக்கி, இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, வடிகாலாக்குவது. நீர் வேகமாக ஓடும்தான். ஆனால் அதே வேகத்தில் கீழ்ப்பகுதிக்கு எல்லாக் கால்வாய்களின் நீரும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். பேருந்துகள் ஒட்டிக்கொண்டு வந்த அதே நோய்தான் இது. ஒரு நாள் முழுக்கப் பரவலாக வந்திருக்க வேண்டியது ஒரு மணி நேரத்தில் மொத்தமாக வந்து நிற்கிறது.

குரிடிபா செய்தது வேறு. வெள்ளத் தடுப்புக்கு வந்த நிதியைக் கொண்டு, ஆறு வழக்கமாகப் பரவும் தாழ்நிலங்களை விலைக்கு வாங்கி ஏரிகளாக்கி, சுற்றிலும் பூங்கா அமைத்தது. நம் ஊர் ஏரியும் அதன் கலிங்கும் சேர்ந்து செய்யும் வேலையைத்தான் அந்த ஏரிகளும் செய்கின்றன. மழை கொட்டும்போது வாங்கி வைத்துக்கொண்டு, அளவாகக் கீழே விடுகின்றன. மழைநீரின் மொத்த அளவு மாறவில்லை, அது வந்து சேரும் நேரம்தான் விரிகிறது, உச்ச மட்டம் தணிகிறது. 1972-இல் திறந்த பாரிக்வி பூங்கா 140 ஹெக்டேர். அதே ஆண்டில் சாவோ லொரன்சோவும் பாரெய்ரின்யாவும் வந்தன. வெள்ளம் வரும் நாளில் பாரிக்வியின் நடைபாதை முங்கும், புல்வெளியில் நீர் நிற்கும், கப்பிபாரா என்னும் பெரிய கொறிவிலங்குகள் அதில் சுகமாக நீந்தும். இரண்டு நாளில் நீர் வடிந்ததும் மக்கள் திரும்ப வந்து ஓடுவார்கள், மிதிவண்டி விடுவார்கள். ஒரு வீடும் மூழ்காத வெள்ளம் வெறும் மழைநாள் மட்டுமே. புல்லை வெட்ட எந்திரத்துக்குப் பதில் செம்மறியாடுகளை மேயவிட்டதும் இந்த ஊர்தான்.

ஆற்றின் வெள்ளநிலம் பூங்காவாகிவிட்டால் அங்கே யாரும் மனைபோட்டு விற்க முடியாது. அது வெறும் புறம்போக்காக வரைபடத்தில் கிடந்தால் ஒருநாள் காணாமல் போகும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து உட்காரும் இடத்தை எந்த அதிகாரி துணிந்து கூறுபோடுவார்? பூங்காவின் பயன்களில் நான் மிக உயர்வாக வைப்பது இதைத்தான். கைவிட்ட கல்குவாரிகளையும் அவர்கள் விடவில்லை. ஒரு குவாரிக்குள் இரும்புக் குழாய்களாலும் கண்ணாடியாலும் ஓர் இசை அரங்கம் 1992-இல் எழுந்தது, இன்னொரு குவாரி 1996-இல் தாங்குவா பூங்காவானது.

தனியார் நிலத்து மரங்களுக்கும் ஒரு வழி கண்டார்கள். அந்த மேட்டுநிலத்தின் மரம் அரௌகாரியா. நெட்டையாக ஓங்கி, உச்சியில் மட்டும் குடைபோல விரியும் ஊசியிலை மரம். அதன் கொட்டைகளைக் குளிர்காலத்தில் அவித்துத் தின்பார்கள். மரவியாபாரம் அதன் காடுகளை ஏறக்குறைய அழித்துவிட்டது, இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனம். குரிடிபாவில் சொந்த மனையிலுள்ள மரத்தையும் நகராட்சி அனுமதியின்றி வெட்ட முடியாது. தண்டனை மட்டும் இருந்தால் மரத்தைச் சொந்தக்காரர் சுமையாக நினைப்பார். அதனால் காட்டை அப்படியே வைத்திருக்கும் மனைக்குச் சொத்து வரியில் சலுகை உண்டு. அங்கே கட்ட முடியாமல் போகும் தளப்பரப்பை, நகரில் உயரம் அனுமதிக்கும் வேறு பகுதிக்கு மாற்றி விற்கவும் வழி செய்தார்கள். பேருந்து அச்சின் அடுக்குமாடியும் ஊரோரத்துக் காடும் இந்த ஒரு கணக்கில் ஒன்றோடொன்று கட்டுண்டுவிட்டன.

இவற்றுக்கெல்லாம் முகமாக நின்றவர் கட்டடக்கலைஞர் ஜைமே லெர்னர். மூன்று முறை மேயர், 2021-இல் மறைந்தார். 1972 மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி, நகரின் முக்கியக் கடைவீதியான நவம்பர் 15 தெருவை 72 மணி நேரத்தில் நடைவீதியாக்கியவர். வணிகர்கள் நீதிமன்றம் போவதற்குள் வேலை முடிந்திருந்தது. வியாபாரம் பெருகியதைப் பார்த்துச் சில நாட்களில் அவர்களே மற்றத் தெருக்களுக்கும் கேட்டார்கள். கார்காரர்கள் வண்டியை உள்ளே விடப்போவதாக மிரட்டியபோது, தெரு நெடுகக் காகிதத்தை விரித்துக் குழந்தைகளைப் படம் வரைய உட்காரவைத்தார்கள்.

அழகான கதைதான். ஆனால் லெர்னரை முதல் இரண்டு முறையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பிரேசிலில் அப்போது ராணுவ ஆட்சி, மாநிலத் தலைநகரங்களின் மேயர்கள் நியமனம். எதிர்ப்பவரைக் கேட்காமல் 72 மணி நேரத்தில் முடிக்க முடிந்ததில் அதற்கும் பங்குண்டு. இதை மறைத்துவிட்டு அந்த ஊரைப் புகழ எனக்கு மனமில்லை. அச்சை ஒட்டிய நிலத்தின் விலை ஏறியதும் உண்மை. பேருந்து யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே பேருந்திலிருந்து தள்ளிப் போக நேர்ந்தது. நகர எல்லைக்கு வெளியே, நீர்ப்பிடிப்பு நிலங்களிலும் ஆற்றோரங்களிலும் குடிசைப் பகுதிகள் பெருகின. வசதி கூடியவர்கள் கார் வாங்கினார்கள், பிரேசிலில் தலைக்கு அதிகக் கார்கள் உள்ள பெருநகரங்களில் குரிடிபாவும் ஒன்றானது. நெரிசல் நேரத்தில் குழாய் நிறுத்தங்கள் பிதுங்குகின்றன.

ஆனாலும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பேருந்துக்கென்று ஒதுக்கிய அந்த நிலம் இன்னும் பேருந்துக்கே இருக்கிறது. மின்சாரப் பேருந்து வந்தாலும் புதிதாக ஒரு சென்ட் நிலம்கூட எடுக்க வேண்டாம். ஊரை இரண்டாகப் பிளந்த 116-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையையும் அதே முறையில் மாற்றத் தொடங்கி, 2009-இல் பசுமைத் தடம் என்ற பெயரில் முதல் பகுதியைத் திறந்தார்கள். நடுவில் பேருந்து, ஓரங்களில் உள்ளூர் மரங்கள், இருமருங்கிலும் புதிய மனை விதி.

தீராமல் நிற்பது எல்லை விவகாரம். ஒரே டிக்கெட்டில் அண்டை நகராட்சிகளையும் இணைத்த ஏற்பாடு, யார் எவ்வளவு பணம் போடுவது என்ற பிணக்கில் 2015-இல் தளர்ந்தது. இன்று அந்தப் பெருநகரின் ஏழைகள் பலர் வசிப்பது அச்சுகள் முடிந்த இடத்துக்கு அப்பால். அங்கே மனை விதியை எழுதுவது அந்தந்த நகராட்சி, அண்டை ஊர்களுக்குப் பேருந்தை இயக்குவது மாநில அரசின் பொறுப்பு. ஐந்து அச்சுகளையும் வரைந்த அலுவலகத்துக்கோ அந்த எல்லைக்கு வெளியே ஒரு மனையின் உயரத்தைக்கூடத் தீர்மானிக்க அதிகாரமில்லை.