இரைச்சலும் இடங்கடந்த தொடர்பும்

ஒரே மூலத்திற் பிறந்த இரு ஒளித்துணிக்கைகள் பிரிந்தபின்னும் இயைந்தே விடைதரும். இவ்வியைபு முன்னரே குறித்துவைத்த விடைகளால் ஆயதா என ஆராயும் சோதனையை 1964 இல் ஜோன் பெல் வகுத்தார். 2022 சனவரியில் அகமதாபாத்திலே, 300 மீற்றர் திறந்தவெளியூடாக இத்தகைய சோடிகளைக் கொண்டு இரகசியச் சாவி ஆக்கினர்.

மாரிக்காலக் கடலிரைச்சல் திருக்கோணமலைத் துறையிலே தோணிக்காரர் குரலைக் குழப்புவதுபோல, புறவொளியும் வெப்பமும் இவ்வியைபைக் குலைக்கும். ஒருபடித்தான இரைச்சலிலே, இயைபின் தூய்மை ஏறத்தாழ 71 வீதத்தை விஞ்சினாலன்றி வழக்கமான பெல் சோதனை வெற்றிதராது. 80 வீதத் தூய்மையுள்ள இரு கண்ணிகளை நடுநிலையமொன்றிற் பிணைத்தால், ஈற்று நிலையங்களிடையே எஞ்சுவது 64 வீதமே, சோதனை தோற்கும். ஆயினும் மூலங்களிரண்டும் ஒன்றையொன்று சாராதவையெனக் கொண்டு வலைமுழுவதையும் ஆராயின், 50 வீதத்தை விஞ்சுவதே போதும். எனவே, தனிச்சோடியில் இழந்ததெனத் தோன்றும் தொடர்பு வலையிலே புலப்படுதல் கூடும்.