பவளத்தைப் படம் பிடித்தல்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளரும் பவளத்தைப் படம் பிடித்தால், கண்ட நிறம் படத்தில் வருவதில்லை. எங்கும் நீலமே பாய்ந்திருக்கும். தொட்டிமேல் எரியும் நீல விளக்கே இதற்குக் காரணம். ஆதலின் வெள்ளை விளக்கில் படம் எடுத்தல் நன்று.

காமிராவைக் கண்ணாடிக்கு நேரெதிரே பிடிக்கவேண்டும்; சாய்த்தால் ஒளி முறிந்து உருவம் மங்கும். நீரோட்டப் பம்பைச் சற்று நிறுத்தினால் பவளத்தின் கைகள் அசையா.

இதன் பயன் அழகு மட்டுமன்று. பவளத்தின் உடலில் வாழும் நுண்பாசிகளே அதற்குப் பெரிதும் உணவூட்டுகின்றன. நீர் சூடேறினால் பாசி நீங்கிப் பவளம் வெளுக்கும். 1998, 2016 ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர்க் கடலிலும் இவ்வாறு நேர்ந்தது. வெளுப்பு மெல்ல வந்தால், நாள்தோறும் காணும் கண்ணுக்குப் புலப்படாது. வாரந்தோறும் ஒரே விளக்கில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் புலப்படும். வெளுத்த பவளம் உடனே இறப்பதில்லை. காலத்தே சூட்டைத் தணித்தால் பிழைக்கக்கூடும்.