தலை ரெண்டு, உடம்பு ஒண்ணு

கொள்ளேகால் பஸ்ஸுக்காகப் பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் நிற்கும்போதெல்லாம் என் கண் அந்தப் பறவையின் மேல்தான் போகும். கர்நாடக அரசு பஸ்ஸின் சின்னத்தில் இருக்கிறதே, இரண்டு தலைப் பறவை, அதுதான். சின்ன வயதில் அம்மாயியிடம் கேட்டிருக்கிறேன். "அண்டபேரண்டப் பட்சி, கண்ணு. யானையவே கொத்தித் தூக்கிட்டுப் போயிரும்" என்றாள். கதை அளக்கிறாள் என்று நினைத்தேன். விஜயநகரத்து அச்சுதராயர் வெளியிட்ட பொற்காசில் அந்தப் பறவை அலகிலும் காலிலும் யானைகளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது!

கன்னடத்தில் இதன் பெயர் கண்டபேருண்டம். சிவமொக்கா மாவட்டம் பள்ளிகாவியில் 1047இல் நட்ட ஒரு கல்தூண் இருக்கிறது. சுமார் முப்பது அடி உயரம், உச்சியில் மனித உடலும் இரண்டு பறவைத் தலைகளுமாக இதே உருவம். பிறகு மைசூர் உடையார்கள் இதைத் தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். மன்னராட்சி போனது, பறவை போகவில்லை. இன்றைய மாநில முத்திரையில் நடுவே சிவப்புக் கேடயத்தில் வெள்ளையாக அதுவேதான். இரு பக்கமும் யானைத்தலையும் சிங்க உடலுமாக இரண்டு காவல் மிருகங்கள். அவற்றுக்குச் சரபம் என்று பெயர். புராணத்தில் சரபத்தை அடக்கவே நரசிம்மர் அண்டபேரண்டமானார் என்பார்கள். முத்திரையில் மூவரும் சமாதானமாக நிற்கிறார்கள்.

இப்படி ஒட்டவைத்த உருவம் இந்த மாநிலத்துக்குப் பொருத்தம் என்பது என் கட்சி. 1956 நவம்பர் 1 அன்று மைசூரோடு குடகையும், பம்பாய், ஐதராபாத், சென்னை மாநிலங்களின் கன்னடப் பகுதிகளையும் சேர்த்துத் தைத்தார்கள். கர்நாடகம் என்ற பெயர் வந்தது 1973இல்தான். கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் ஜில்லா. பட்டு நெய்யும் அந்த ஊரில் பிறந்த அம்மாயி வீட்டைவிட்டு ஓர் அடி நகராமலே மாநிலம் மாறினாள். "நான் கோயமுத்தூர் ஜில்லாக்காரி" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள், ஓட்டு மட்டும் கர்நாடகத்துக்கு. மஞ்சளும் சிவப்புமான கன்னடக் கொடியைப் பார்த்தால், "மஞ்சக் குங்குமம் நமக்கும்தானே" என்பாள்.

மூவாயிரம் அடி மேட்டிலிருக்கும் பெங்களூரை விட்டு இறங்கும் பஸ், கனகபுரா, மளவள்ளி தாண்டிக் காவிரியைக் கடக்கிறது. அந்த ஆறுதான் மைசூருக்கும் சென்னை மாநிலத்துக்கும் அன்றைய எல்லை. பக்கத்திலேயே சிவசமுத்திரம்; 1902இல் அங்கே எடுத்த மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குப் போனது, 1905இல் பெங்களூர்த் தெருவிளக்குக்கு வந்தது. அங்கே காவிரியும் இரண்டாகப் பிரிந்து விழுகிறது. ககனசுக்கி மளவள்ளிப் பக்கம், பரசுக்கி கொள்ளேகால் பக்கம். ஒன்றை மைசூரும் மற்றொன்றைச் சென்னையும் வைத்திருந்த காலம் உண்டு. இப்போது இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆடி, ஆவணியில் போங்கள்; கோடையில் வெறும் பாறைதான்.