நம்ம ஊர் வெயிலுக்கு எந்த சென்ட்?

காலை 8 மணிக்கு அடிச்ச சென்ட் 10 மணிக்கே காணோமா? பாட்டில் போலின்னு திட்டாதீங்க. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைகளின் மூலக்கூறுகள் லேசானவை; வெயிலில் சீக்கிரம் ஆவியாகிடும். ஊது, வெனிலா கனமானவை, நிற்கும். ஆனா காரைக்கால் புழுக்கத்தில் பக்கத்து பெஞ்சுக்குத் தலைவலி.

இதுக்கு நல்ல வழி வெட்டிவேர். கடலூர் கடற்கரை மணலில் விளையுற அதே வேர்தான். வாசனை குளிர்ச்சி, மூலக்கூறு கனம். ஆனி மாத மாங்கனித் திருவிழா கூட்டத்திலும் தாங்கும்.

ஐப்பசி மழைக்குச் சந்தனம், ஊது அத்தர் எடுக்கலாம். அத்தரில் ஆல்கஹால் கிடையாது, எண்ணெய்தான், மெதுவாத்தான் ஆவியாகும். ஜும்மாவுக்குப் போற நண்பர்களைக் கேளுங்க, மணிக்கட்டில் ஒரு சொட்டு போதும்பாங்க.

பிளேஸ்மெண்ட் இன்டர்வியூவா? மூடின ஏசி ரூமில் வாசனை வெளியே போகாது, அதனால் குறைவாப் போடுங்க. முக்கியமா, வியர்வை மேல அடிக்காதீங்க. குளிச்சிட்டுப் போடுங்க!