எழுந்து நடத்தல்
துயரம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. உற்றாரை இழந்தவர் அழுகிறார். நாள்கள் செல்லச் செல்லத் தேறுகிறார். மனச்சோர்வோ வாரக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் குலைத்து, முன்னர் விரும்பிச் செய்தவற்றிலும் நாட்டமில்லாமல் ஆக்கிவிடுகிறது. இதனைச் சோம்பல் என்று பழிப்போர் நோயுற்றவரின் சுமையைக் கூட்டுகின்றனர்.

இந்நோய்க்கு மருந்தும் உளவியல் சிகிச்சையும் உண்டு. அவற்றோடு உடற்பயிற்சியையும் சேர்த்து எண்ணலாமா? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் என்னும் உளவியலறிஞரும் அவர்தம் குழுவினரும் இவ்வினாவை ஆராய்ந்தனர். ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன, மனச்சோர்வுற்ற 156 பேர் மூன்று பிரிவுகளாகப் பகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் செர்ட்ராலின் என்னும் மருந்தை உட்கொண்டனர். மற்றொரு பிரிவினர் வாரம் மூன்று முறை, அரைமணி நேரம் விரைநடையிலோ மெல்லோட்டத்திலோ ஈடுபட்டனர். மூன்றாம் பிரிவினர் இரண்டையும் மேற்கொண்டனர். பதினாறு வாரங்களுக்குப் பின் மூன்று பிரிவினரிடமும் சோர்வு ஏறத்தாழ ஒரே அளவில் தணிந்திருந்ததை 1999இல் வெளியான ஆய்வு முடிவு காட்டியது. தொடக்க வாரங்களில் மருந்தே விரைந்து பயன் தந்தது. பயிற்சி மெல்ல வந்து அதனை எட்டிப்பிடித்தது. மேலும் ஆறு மாதங்கள் கழித்து நோக்கியபோது, நலமடைந்தோருள் பயிற்சியை மட்டும் மேற்கொண்டவர்களிடம் நோய் திரும்பியது குறைவாகவே இருந்தது.

இதனைக்கொண்டு மருந்தே வேண்டா என முடிவுகட்டுவது பிழை. ஆய்வில் சேர்ந்தோர் தாமாக முன்வந்தவர்கள். குழுவாக, மேற்பார்வையின்கீழ்ப் பயின்றவர்கள். நலம் தந்தது ஓட்டமா, உடன் ஓடியவர்களின் தோழமையா என்பதை இவ்வாய்வு பிரித்துக் காட்டவில்லை. நோயுற்றவருக்கு இரண்டுமே தேவை என்பதால், அவ்வாறு பிரித்தறிவது அவருக்கு அத்துணை இன்றியமையாததும் அன்று.

படுக்கையைவிட்டு எழுவதே மலையேறுவதுபோலத் தோன்றும் ஒருவரிடம் ஓடச் சொல்வது எளிது. எழும் ஆற்றலையே நோய் பறித்திருக்கிறது என்பதுதான் இம்முறையின் பெரும் இடர்ப்பாடு. ஊக்கம் பிறந்தபின் நடக்கலாம் எனக் காத்திருந்தால் அந்நாள் வாராமலே போகலாம். பெரும்பாலும் நடக்கத் தொடங்கிய பின்னரே ஊக்கம் சிறிது சிறிதாகத் தலைகாட்டுகிறது. ஆகவே முதல் நாள் வாசல்வரை, மறுநாள் தெருமுனைவரை என்னும் அளவே போதும். வயதுவந்தோருக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வளவை முதல் வாரத்திலேயே எட்ட வேண்டியதில்லை. "வா, நானும் வருகிறேன்" என்று செருப்பை அணிந்துகொண்டு உடன் புறப்படும் உறவினர், நாள்தோறும் அறிவுரை கூறுபவரைவிடப் பெரிதும் உதவுவார். ஒருநாள் தவறினால் அவர் கடிந்துகொள்ளலாகாது.

மருந்து உட்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது. வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் எழுமாயின், பயிற்சியின் பயனுக்குக் காத்திராமல் உடனே மருத்துவ உதவியை நாடவேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது.